கடல் எப்போதும் வலப்பக்கம்: பிரெஞ்சுக் கடலோரத்தில் இருவருக்கான கேம்பர்வேன் பயணம், முழுமையான வழிகாட்டி

பிரான்சின் வரைபடத்தில் வடமேற்கு மூலையைப் பாருங்கள். நார்மண்டியில் தொடங்கி மேற்கே போய், பிரிட்டனியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு தெற்குக் கரைக்கு வந்தால், வழி நெடுகக் கடல் உங்கள் வலப்பக்கமே இருக்கும். அந்த நாட்டில் வண்டி ஓட்டுவதும் வலப்பக்கம்தான். கடல் பக்கம் எங்கே ஒதுங்க இடம் கண்டாலும், எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்காமல் அப்படியே ஒதுங்கிவிடலாம். ஆறு மீட்டர் வண்டியை வைத்துக்கொண்டு குறுகலான சாலையில் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஓட்டாதவருக்கு ஜன்னல் முழுக்கக் கடல், அது தனி.

படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில், அதாவது கேம்பர்வேனில், நானும் என் கணவரும் ஏப்ரல் மாதம் பதினாறு நாள் போய்வந்த வழி இது. எத்ரெத்தாவில் ஆரம்பித்து கார்னாக்கில் முடிகிறது. கடலோரம் மட்டும் சுமார் 1,100 கி.மீ. பாரிஸ் பக்கம் வண்டி எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் போக வர இன்னொரு 700 சேரும்.

1. எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை என்பது என் கணக்கு. மார்ச்சில் பல முகாம் தளங்கள் திறந்திருக்காது. வண்டிகளுக்கான நிறுத்துமிடங்கள் திறந்திருந்தாலும், குளிருக்காக மூடிய தண்ணீர்க் குழாயைச் சில ஊர்களில் இன்னும் திறந்திருக்க மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் பிரான்ஸ் முழுக்கக் கடற்கரைக்கு வந்துவிடும்.

ஏப்ரலில் பகல் வெப்பம் 13, 14 டிகிரி இருந்தால் நல்ல நாள். கடல் நீர் 11, 12 டிகிரி. கால் நனைக்கலாம், குளிக்க நினைக்காதீர்கள். மழை வரும், அரை மணியில் போகும், மறுபடி வரும். ஆனால் வெளிச்சம் தாராளம். ஏப்ரல் நடுவிலேயே பிரெஸ்ட் பக்கம் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது.

பள்ளி வசந்த விடுமுறையை மூன்று மண்டலமாகப் பிரித்து ஏப்ரல் முழுக்க நீட்டி விடுவதால் கூட்டம் ஒரே வாரத்தில் மொத்தமாக வராது. மே மாதம்தான் உஷார். மே 1, மே 8, அப்புறம் கிறிஸ்து விண்ணேற்ற வியாழன் என்று விடுமுறைகள் வரிசையாக வரும். விடுமுறைக்கும் வாரக்கடைசிக்கும் நடுவில் ஒரு நாள் லீவு போட்டு நான்கு நாளாக்கிக்கொள்வதை அங்கே 'பாலம் போடுவது' என்பார்கள். அந்த நாட்களில் மட்டும் இடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

2. எந்த வண்டி

இரண்டு பேருக்கு இரண்டே ரகம் போதும். ஒன்று, கூரை எழும்பும் சின்ன வேன். ஃபோல்க்ஸ்வாகன் கலிஃபோர்னியா இதில் பிரபலம். உயரம் இரண்டு மீட்டருக்குள் அடங்கும். இன்னொன்று, ஃபியட் டுகாட்டோ மாதிரி சரக்கு வேனை வீடாக்கியது. 5.4 முதல் 6.4 மீட்டர் நீளம், 2.6 மீட்டரை ஒட்டிய உயரம், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், கழிப்பறை உண்டு.

உயரத்தைச் சும்மா சொல்லவில்லை. கடற்கரை நிறுத்துமிடங்கள் பலவற்றின் வாசலில் இரும்புக் குறுக்குக் கம்பி இருக்கும், பெரும்பாலும் 1.9 அல்லது 2 மீட்டர். நெடுஞ்சாலைச் சுங்கத்திலும் இரண்டு மீட்டருக்குக் கீழே இருந்தால் முதல் வகை, இரண்டிலிருந்து மூன்று மீட்டர் வரை இரண்டாம் வகை, அதற்குக் கட்டணம் கூடுதல். அப்படியிருந்தும் வசந்தத்துக்கு என் ஓட்டு பெரிய வேனுக்குத்தான். நாள் முழுக்க மழை பெய்தால் குனிந்தபடியே இருவர் ஒரு அறையில் வாழ முடியாது. நாங்கள் எடுத்தது அதுதான்.

சாதாரணக் கார் உரிமமே போதும், 3.5 டன் வரை ஓட்டலாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்து எடுத்து வர வேண்டும். குறைந்தபட்ச வயது, உரிமம் எடுத்து எத்தனை ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முன்பணம் ஆயிரம் யூரோவுக்கு மேல் கார்டில் பிடித்து வைப்பார்கள், அந்த வரம்பு கார்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் எப்படிப் போட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலான வேன்களில் அது குறுக்கே கிடக்கும். உயரமானவருக்குக் கால் மடங்கும். உள்பக்கம் படுத்தவர் நடுராத்திரி எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டாம் நாளே நான் வெளிப்பக்கம் மாறிவிட்டேன்.

3. கிளம்பும் முன் வண்டியோடு ஒரு மணி நேரம்

சாவி கையில் வந்ததும் ஓட ஆசையாக இருக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். தண்ணீர், காஸ், மின்சாரம், கழிவு ஆகிய நான்கையும் இருவருமே கையால் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அவருக்கு மூன்றாம் நாள் கோபம் வரும்.

தண்ணீர்த் தொட்டி சுமார் 100 லிட்டர் பிடிக்கும். சிக்கனமாகக் குளித்தால் ஆளுக்குப் பத்து லிட்டர். ஆக இருவருக்கு இரண்டு, மூன்று நாள் வரும்.

மின்சாரத்துக்கு இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடினால் அது ஏறும். முகாம் தளத்தில் கம்பி இழுத்தால் 6 அல்லது 10 ஆம்பியர் கிடைக்கும். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட் மட்டுமே. வீட்டிலிருந்து கொண்டுவந்த 2,000 வாட் கெட்டிலைப் போட்ட நொடியில் ஃபியூஸ் போகும். தண்ணீரை அடுப்பிலேயே வையுங்கள். சில தளங்களில் நீல நிற மூன்று முனைப் பிளக்குக்குப் பதில் பிரெஞ்சு வீட்டுப் பிளக் இருக்கும், அதற்கான மாற்றுத் துண்டு வண்டியில் உண்டா என்று பாருங்கள்.

இப்போது எங்கள் கதை. இரண்டாம் இரவு நல்ல குளிர். ஹீட்டர் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அணைத்துவிட்டுப் படுத்தோம். நடுச்சாமத்தில் வண்டிக்கு அடியில் சளசளவென்று சத்தம். மழை என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். காலையில் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. வெந்நீர்க் கொதிகலனோடு ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. சுற்றி வெப்பம் 3 டிகிரி அளவுக்கு இறங்கினால், நீர் உறைந்து கொதிகலன் வெடிக்காமலிருக்க அது தானாகத் திறந்து நீரை வெளியேற்றிவிடும். பம்பு சுவிட்சை நாங்கள் அணைக்கவில்லை. கொதிகலன் காலியாகக் காலியாக, பம்பு விடாமல் தொட்டியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நூறு லிட்டரும் மண்ணுக்குள். ஆகவே: படுக்கும் முன் பம்பை அணையுங்கள். குளிர் இரவில் ஹீட்டரைக் குறைந்த சூட்டிலாவது ஓடவிடுங்கள். வால்வு எங்கே இருக்கிறது, எப்படி மறுபடி அழுத்தி மூடுவது என்று முதல் நாளே காட்டச் சொல்லுங்கள். வண்டி கதகதப்பாகும் வரை அது மூடவே மூடாது.

காஸ் விஷயத்தில் ஒரே ஒரு வரி: பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியதும் சோம்பிவிடும், புரோப்பேன் கேளுங்கள்.

4. ஓத அட்டவணை படிப்பது

இந்தக் கடலோரத்தில் நாளைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, தண்ணீர். கடல் நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம்: ஏறி நிற்பது ஏற்றம், இறங்கி நிற்பது வற்றம். உச்சியில் மடாலயம் நிற்கும் பாறை மலையான மோன்-சேன்-மிஷெலின் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் 14 மீட்டர் வரை மாறுகிறது. நான்கு மாடிக் கட்டடம் அளவு. காலையில் படகு மிதந்த துறையில் மதியம் சேறுதான் இருக்கும். எந்த ஊருக்கு எந்த நாள் போவது என்பதை அட்டவணை பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அட்டவணையைச் சுற்றுலா அலுவலகத்திலும் புகையிலைக் கடையிலும் சின்னப் புத்தகமாகப் பெறலாம். அதில் ஏற்ற நேரம், வற்ற நேரம், நீரின் உயரம், கூடவே 'கொஎஃபிசியான்' என்று 20 முதல் 120 வரை ஓர் எண். அன்றைய ஓதம் எவ்வளவு வலுவானது என்பதை அந்த எண் சொல்கிறது. 70 சராசரி. 45 என்றால் சோம்பல் நாள். 100-ஐத் தாண்டினால் பெரிய ஓதம், ஊரே வேடிக்கை பார்க்க வரும். சம இரவு நாட்களை ஒட்டி, அதாவது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் இந்தப் பெரிய ஓதங்கள் வரும்.

வீட்டில் தினசரிக் காலண்டர் கிழிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் சுலபம். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஏறத்தாழ ஒன்றரை நாள் கழித்துத்தான் இங்கே ஓதம் உச்சத்துக்கு வருகிறது. ஆகப் பிரதமை, துவிதியை என்றால் பெரிய ஓதம். அஷ்டமி கழிந்து நவமி, தசமி என்றால் கடல் மந்தம். "நவமியில எதுவும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு பாட்டி சொன்னது இதுக்குத்தானோ" என்றார் என் கணவர். பாட்டி கடலையே பார்த்ததில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம். முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீர் வரும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று. ஆரம்பத்தில் மெல்ல வருவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் வந்துவிடும். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

5. இரவு எங்கே தங்குவது

பிரெஞ்சுச் சட்டம் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது: நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கிறது, நீங்கள் உள்ளே தூங்குகிறீர்கள், அது நிறுத்தம். வெளியே நாற்காலி போட்டாலோ, பந்தல் இழுத்தாலோ, சக்கரத்துக்கு ஆப்பு வைத்தாலோ அது முகாம். கடற்கரையிலும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சுற்றுவட்டத்திலும் முகாமிடத் தடை. கடலோர ஊராட்சிகள் பலவும் இரவில் கேம்பர்வேனுக்குத் தடைப் பலகை வைத்திருக்கின்றன. பலகை இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

தங்க நான்கு வழி. ஊராட்சிகள் நடத்தும் 'எய்ர்' என்கிற நிறுத்துமிடங்கள், இரவுக்குப் பொதுவாக 10 முதல் 15 யூரோ, சில ஊர்களில் இலவசம். கேம்பிங்-கார் பார்க் என்கிற வலைப்பின்னலின் தானியங்கி இடங்கள், அதற்கென்று ஒரு அட்டை வாங்க வேண்டும். முகாம் தளங்கள், வசந்தத்தில் இருவருக்கு 20 முதல் 30 யூரோ, வெந்நீரும் துணி துவைக்கும் இயந்திரமும் உண்டு. நான்காவது ஃபிரான்ஸ் பாசியோன்: ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களை விவசாயிகள், சீஸ் செய்பவர்கள், ஆப்பிள் மது வடிப்பவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு இரவு இலவசமாக நிறுத்த விடுகிறார்கள். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்லாமல் நிறுத்துவதும், சொல்லாமல் கிளம்புவதும் அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை: இரண்டு இரவு எய்ர், மூன்றாம் இரவு முகாம் தளம். தலைக்குக் குளிப்பது, துணி துவைப்பது, மீன் பொரிப்பது எல்லாம் அந்த மூன்றாம் நாளில். வண்டிக்குள் மீன் பொரிக்காதீர்கள். தலையணை உறைக்குள் வாசனை ஒரு வாரம் குடியிருக்கும். துணிக்கு இன்னொரு வழி: சூப்பர்மார்க்கெட் வாசலில் திறந்தவெளியில் துவைக்கும் இயந்திரங்கள் நிற்கும். துணியைப் போட்டுவிட்டுக் காய்கறி வாங்கி வரலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

6. கழிவு இறக்கும் வேலை

யாரும் விரும்பிப் பேசாத வேலை, முதல் தடவை வீடியோ பார்த்தும் புரியாது. எய்ரில் தூண் மாதிரி ஒரு இயந்திரம் நிற்கும். காசோ, டோக்கனோ, கார்டோ போட வேண்டும். வரிசை முக்கியம்.

முதலில் பாத்திரம் கழுவிய சாம்பல் நிற நீர். தரையில் இரும்புச் சட்டம் போட்ட பள்ளம் இருக்கும், அதன் மேல் வண்டியின் வால்வு வரும்படி நிறுத்தித் திறந்துவிடுங்கள். அது ஓடும்போதே கழிப்பறைப் பெட்டியை வெளியே இழுங்கள். நிறைந்தால் 17, 18 கிலோ இருக்கும், சக்கரம் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து, குழாய்முனையைக் கீழ்நோக்கித் திருப்பி, காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கவிழ்க்க வேண்டும். அந்தப் பொத்தானை மறந்தால் 'குபுக்' என்று செருப்பில் தெறிக்கும். பக்கத்திலுள்ள அலசும் குழாயில் இரண்டு தடவை அலசி, திரவ மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி மூடுங்கள்.

குடிநீர் கடைசியில்தான். அதற்குத் தனிக் குழாய், 'ஓ பொதாப்ல்' என்று எழுதியிருக்கும். முன்னால் 'நோன்' என்று இருந்தால் அது குடிக்க ஆகாது. எனக்கு முன் வந்தவர் தன் பெட்டியைக் குடிநீர்க் குழாயிலேயே அலசுவதைக் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் குழாய் முனையைக் கிருமிநாசினித் துணியால் துடைத்து, ஒரு நிமிடம் நீரை ஓடவிட்டு, எங்கள் சொந்த ஹோஸைத்தான் மாட்டினேன். குடிக்க மட்டும் தனியாக ஐந்து லிட்டர் கேன்.

7. சாலை

வேகம்: நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. நடுவே தடுப்புள்ள இருவழிச் சாலையில் 110, மழையில் 100. சாதாரணச் சாலையில் 80, சில மாவட்டங்களில் 90. ஊருக்குள் 50. காற்றில் ஆடும் வேனில் 100-க்கு மேல் எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அவர் உங்களைப் பார்க்கவே மாட்டார், நேராக வருவார். அது அவர் உரிமை. டீசலுக்கு அங்கே 'கஸுவால்' என்று பெயர், பெட்ரோலுக்கு 'எஸான்ஸ்'. காஸோலின் என்று காதில் விழுந்து பெட்ரோல் என நினைத்து மாற்றிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. சூப்பர்மார்க்கெட்டை ஒட்டிய பெட்ரோல் பங்குகளில் விலை குறைவு. ஆளில்லாப் பங்கில் கார்டைச் செருகினால் முதலில் பெரிய தொகை ஒன்றைப் பிடித்து வைத்து, சில நாளில் விடுவிக்கும், பயப்பட வேண்டாம். வேன் நூறு கி.மீ.க்கு 9, 10 லிட்டர் குடிக்கும், எங்கள் மொத்தப் பயணத்துக்கு 170 லிட்டரை ஒட்டி ஆயிற்று.

பிரிட்டனிக்குள் சுங்கமே இல்லை. பிரிட்டனியை அந்தக் காலத்தில் ஆண்ட ராணி ஆன் காலத்தில் வாங்கிய வாக்குறுதி என்று கதை சொல்வார்கள். உண்மையில் 1960-களின் கடைசியில் அந்தப் பகுதியை முன்னேற்ற அரசு போட்ட சாலைத் திட்டம்தான் காரணம்.

பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நில்லுங்கள். கையசைவுகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வாங்க வாங்க" என்று நான் கத்தியது அவருக்கு "போங்க போங்க" என்று கேட்ட ஒரு நாளுக்குப் பிறகு நாங்கள் ஃபோனில் அழைத்தே பேசினோம்.

8. வழி, நாள் நாளாக

நாள் 1 முதல் 4, நார்மண்டி. எத்ரெத்தாவின் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்க வேலை நாளில், காலை எட்டு மணிக்குள் போங்கள். வாரக்கடைசியில் நிறுத்த இடம் கிடைக்காது. கூழாங்கல் எடுக்கத் தடை, அபராதம் உண்டு. அடுத்து 1995-ல் திறந்த நார்மண்டிப் பாலம், 2,143 மீட்டர். பக்கக்காற்று வண்டியைத் தள்ளும், ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடியுங்கள். கீழே ஓன்ஃப்ளர். அங்கே கப்பல் கட்டும் தச்சர்கள் மரத்தாலேயே எழுப்பிய செயின்ட் காத்தரீன் தேவாலயத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள்: கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள்.

அரோமான்ஷில் வற்றத்தின்போது இறங்குங்கள். 1944 ஜூனில் நேச நாடுகள் கடலில் மிதக்கவிட்டு வந்து கட்டிய செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் இன்னும் மணலில் கிடக்கின்றன. ஜூன் 6-ஐ ஒட்டி இந்தப் பக்கமே போகாதீர்கள், நினைவுநாள் கூட்டம் தாங்காது. பார்ஃப்ளர் பக்கத்தில் கட்வில் கலங்கரை விளக்கம், 365 படி, 52 ஜன்னல். ஏறி இறங்கிய மறுநாள் எனக்குப் பிரேக் மிதிக்கவே கெண்டைக்கால் ஒத்துழைக்கவில்லை. அவரை ஓட்டச் சொல்லிவிட்டேன்.

நாள் 5, 6, மோன்-சேன்-மிஷெல். வண்டி நிறுத்துமிடம் 2.5 கி.மீ. தள்ளி. அங்கிருந்து இலவசப் பேருந்து, அல்லது 2014-ல் திறந்த பாலத்தின் மேல் நடை. நடந்தே போங்கள், மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதைப் பார்க்கலாம். பெரிய ஓத நாட்களில் இங்கே ஏற்றம் காலையிலும் மாலையிலும் வரும், வற்றம் மதியத்துக்கு மேல். ஓத எண் 110-ஐத் தாண்டும் நாளில் பாலத்தின் முனையும் மூழ்கி, மலை சிறிது நேரம் தீவாகிவிடும். ஏற்ற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மதில் மேல் இடம் பிடியுங்கள். முதலில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது நகர்கிறதா என்று சந்தேகமாக இருக்கும். அப்புறம் ஒரு சலசலப்பு, பிறகு வாய்க்கால்கள் எதிர்த்திசையில் ஓட ஆரம்பிக்கும். வழிகாட்டி இல்லாமல் வளைகுடா மணலில் இறங்காதீர்கள், புதைமணல் உண்டு.

நாள் 7, 8. கான்காலில் படகுத்துறைப் பக்கம் சிப்பிக் கடைகள். ஒரு டஜன் வாங்கினால் அங்கேயே திறந்து, எலுமிச்சைத் துண்டோடு தட்டில் தருவார்கள். சுவரில் உட்கார்ந்து தின்றுவிட்டு ஓட்டைக் கீழே கடற்கரையில் வீசலாம், அங்கே அதுதான் வழக்கம். சிப்பி பிடிக்காதவர்கள் சீப்புச் சிப்பி கேளுங்கள், அதன் பருவம் அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை. வளைகுடாவின் பேர்பெற்ற கறுப்பு மட்டி ஜூலையில்தான் வரும். வசந்தத்தில் தட்டில் வருவது வேறு ஊருடையது.

சேன்-மாலோவில் வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். மதில் மேல் ஒரு சுற்று. 1746-ல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த மாஹே த லா பூர்தொனே 1699-ல் பிறந்தது இந்த ஊரில்தான். வற்றத்தில் நடந்து போகக்கூடிய கிரான் பே தீவில் எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை. திரும்பும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை மூழ்கிவிட்டால் அடுத்த வற்றத்துக்காக மணிக்கணக்கில் தீவிலேயே உட்கார வேண்டியதுதான்.

நாள் 9, 10, இளஞ்சிவப்புக் கருங்கல் கரை. என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்கு நேரம் இருந்தால் இதைத்தான் சொல்வேன். பெரோஸ்-கிரெக்கிலிருந்து ப்ளூமனாக் வரை, அந்தக் காலத்தில் கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து போன ஒற்றையடிப் பாதை. இன்று அது 2,000 கி.மீ.க்கு மேல் நீளும் ஜிஆர் 34 நடைபாதையின் ஒரு துண்டு. ஏப்ரலில் பாதையின் இரு பக்கமும் 'அழோன்' என்கிற முட்புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். வெயில் பட்டதும் அந்தப் பூ தேங்காய் மணக்கிறது. முதலில் நான் என் தலை எண்ணெய் என்றே நினைத்தேன். அவர் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். பிறகுதான் இருவரும் குனிந்து புதரை முகர்ந்தோம். முள் கவனம்.

எதிரே செத்-தில் தீவுகள். 1912 முதல் பறவைக் காப்பகம். வசந்தத்தில் வண்ண அலகுள்ள பஃபின் என்கிற கடற்பறவைகள் குஞ்சு பொரிக்க வரும், ஜூலைக்குப் பின் போய்விடும். பெரோஸ்-கிரெக்கிலிருந்து படகு உண்டு, தடித்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் 11 முதல் 13, மேற்கு முனை. ரோஸ்கொஃப் வெங்காயம் ஒரு சரம் வாங்கி வண்டிக்குள் தொங்கவிடலாம். சாம்பாருக்கு அருமை, சின்ன வெங்காயத்தின் இனிப்பு கிட்டத்தட்ட வரும். குரோசோன் தீபகற்பம், அப்புறம் புவேன்த் து ரா முனை. இங்கே காற்றுதான் ராஜா. இரவில் வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு வையுங்கள், பக்கவாட்டில் பட்டால் தொட்டில் மாதிரி ஆடும். கூரை எழும்பும் வேன் என்றால் கூரையை இறக்கிவிடுங்கள். சமைத்தால் மேல் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறங்கள், இல்லாவிட்டால் இருவர் மூச்சும் சோற்று ஆவியும் சேர்ந்து விடியற்காலையில் கண்ணாடியிலிருந்து மெத்தைக்குச் சொட்டும்.

சமைக்கச் சலித்தால் 'கலெத்' கடைகள். கறுப்புக் கோதுமை எனப்படும் பக்வீட் மாவு, தண்ணீர், உப்பு. 'பிலிக்' என்கிற வட்டக்கல்லில் ஊற்றி, மரக்கட்டையால் இழுத்துப் பரப்புவார்கள். கல், கரண்டி, மணிக்கட்டு அசைவு எல்லாம் நம் வீட்டுச் சமாச்சாரம். வழக்கமாக முட்டை, சீஸ், பன்றித் தொடைக்கறி வைப்பார்கள். கறி வேண்டாதவர்கள் 'சான் ஜாம்போன்' என்று சொன்னால் போதும்.

நாள் 14. கோன்கார்னோவைப் பார்த்துவிட்டு போர்-லூயி கோட்டைக்கு வாருங்கள். எதிரே தெரிவது லோரியான் நகரம். கீழை நாடுகளோடு வணிகம் செய்யவே 1666-ல் உருவான துறைமுகம், பெயரிலேயே கிழக்கு இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வந்த கப்பல்கள் துணிப்பொதிகளை இங்கேதான் இறக்கின. அச்சிட்ட இந்தியத் துணிக்குப் பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை இருந்தும் மோகம் குறையவில்லை. கோட்டைக்குள் இருக்கும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தமிழ்க் கரையிலிருந்து போன துணியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. அவர் வழக்கத்துக்கு மாறாக எல்லாப் பலகையையும் வாசித்தார்.

நாள் 15, 16, கார்னாக். ஆறாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான சுமார் 3,000 நெடுங்கற்கள் வரிசை வரிசையாக. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலிக்குள் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, வெளியிலிருந்து பார்க்கத் தடையில்லை. விடிகாலையில் போனால் ஆடுகளும் நீங்களும்தான். கிப்ரோன் தீபகற்பத்துக்கு ஒரே ஒரு சாலை, விடுமுறை நாளில் அதில் மாட்டாதீர்கள்.

9. திருப்பிக் கொடுக்கும் நாள்

கார்னாக்கிலிருந்து பாரிஸ் சுமார் 490 கி.மீ., வேனில் ஆறு மணி நேரம். ரென் நகரைக் கடந்து பிரிட்டனி எல்லை தாண்டியதும் சுங்கம் ஆரம்பம். கழிவு இரண்டையும் முந்தின இரவு தங்கிய இடத்திலேயே இறக்கிவிடுங்கள். பாரிஸ் பக்கம் இடம் தேடி அலைய முடியாது. டீசல் நிரப்பிய ரசீது, கிலோமீட்டர் எண், வண்டியின் நான்கு பக்கமும், கூரை விளிம்பு, கண்ணாடிக் கீறல் எல்லாவற்றையும் எடுக்கும்போது பிடித்த படங்களோடு ஒப்பிட்டு மறுபடி படம் பிடியுங்கள்.

கிளம்பும் முன் தினமும் நாங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்ட வரிசையைக் கடைசி நாளும் விடாதீர்கள்: மேல் ஜன்னல், காஸ், ஃபிரிட்ஜ் கொக்கி, மின்கம்பி, படி. நாங்கள் அன்று மட்டும் அவசரத்தில் விட்டோம். முதல் ரவுண்டானாவில் ஃபிரிட்ஜ் திறந்துகொண்டது. முட்டை ஆறு, தயிர் ஒரு டப்பா. வண்டி ஒப்படைக்கும் வாசலில் நின்று அரை மணி நேரம் தரையைத் துடைத்தோம்.